முகத்துவாரத்தில் அம்மோனியாவை அளங்கள்: சென்னை மாமன்றத்துக்குத் திறந்த மடல்

மேயர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்களுக்கும், சென்னைக் குடிநீர் வாரியப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

2019 ஆகஸ்ட் 18 இரவு திருவான்மியூர், பெசன்ட் நகர் கரையில் அலை நீலமாக ஒளிர்ந்தது. ஊரே கைபேசியோடு ஓடியது. ஒளிர்ந்தது நாக்டிலூக்கா என்னும் ஒற்றைச் செல் உயிரி. அடுத்த மாதமே அதன் பச்சை வகை மன்னார் வளைகுடாவில் பெருகி, மீன்கள் செத்து ஒதுங்கின. ராமநாதபுரத்தில் இதைப் பூங்கோரை என்பார்கள்.

கடலுக்கு நல்ல தீவனம் டயட்டம் பாசி. ஓடு கட்ட அதற்கு நைட்ரஜனுக்கு ஏறக்குறைய ஈடாகச் சிலிக்கா வேண்டும். ஓடு கனம் என்பதால் செத்தபின் கார்பனையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். கழிவுநீரிலோ அம்மோனியாவும் பாஸ்பேட்டும் ஏராளம். சிலிக்கா அந்த அளவுக்கு இல்லை. தராசுத் தட்டு மற்றப் பாசிகளின் பக்கம் சாய்கிறது. இந்த மாற்றத்தின் பழி முழுவதையும் கழிவுநீர் தலையில் கட்ட மாட்டோம். காற்றும் நீரோட்டமும் கூட்டாளிகள்தான். ஆனால் உங்கள் கைக்கு எட்டுவது கழிவுநீர் மட்டுமே.

பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) அளவு சரியாக இருப்பதால் அம்மோனியா போய்விட்டதாகாது. 1 மி.கி. அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க, பாக்டீரியாவுக்குச் சுமார் 4.6 மி.கி. ஆக்சிஜன் தேவை, காரத்தன்மையும் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) 7 மி.கி.க்குமேல் செலவாகும். கரன்ட் பில்லுக்குப் பயந்து, காற்று ஊதும் புளோயரைக் குறைத்து, தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே போனால், வேலை பாதியில் நின்று நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். 100 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு சூடேற்றும். மிச்சம் பிடித்த மின்சாரக் கணக்கை இதுவே விழுங்கிவிடலாம். கரைந்த ஆக்சிஜனை 2 மி.கி. அளவில் வைத்திருங்கள்.

காலநிலைச் செயல்திட்டத்தோடு ஓர் அளவைத் திட்டத்தைச் சேருங்கள். பெருங்குடி, நெசப்பாக்கம், கோயம்பேடு, கொடுங்கையூர் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் வெளியேற்றத்திலும், அடையாறு, கூவம் முகத்துவாரங்களிலும் 15 நாளுக்கு ஒருமுறை அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், கரைந்த ஆக்சிஜன். அவ்வளவே.

முகத்துவார மாதிரியை விடியுமுன், கடல் வற்றும் நேரத்தில் எடுக்க வேண்டும். மதியம் எடுத்தால் பாசி விட்ட ஆக்சிஜன், செத்த நீரையும் தேறியதாகக் காட்டும். ஆக்சிஜன் புட்டியில் குமிழி ஒன்றுகூட நிற்கக் கூடாது. ஆக்சிஜன் அளவு மாறாமல் பிடித்துவைக்கும் விங்க்ளர் மருந்தை அங்கேயே விட வேண்டும். சிலிக்கேட்டுக்குக் கண்ணாடிப் புட்டி ஆகாது, கண்ணாடியே கரைந்து கணக்கில் சேரும். அம்மோனியா மாதிரியை வடிகட்டி ஐஸில் வைத்து அன்றே சோதியுங்கள். பக்கத்தில் யாரும் பீடி பிடிக்க வேண்டாம். அந்தப் புகையே அளவை ஏற்றிவிடும்.

நாக்டிலூக்காவை உயிரோடு எண்ணுவது நல்லது, பதப்படுத்தினால் சுருங்கி அடையாளம் கெடும். பச்சையத்தை வைத்துப் பாசியைக் கணிக்கும் செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பாதீர்கள். நாக்டிலூக்காவின் சிவப்பு வகைக்குச் சொந்தப் பச்சையம் கிடையாது.

மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்திருக்கும் நாளில் உள்ளே எடுத்த நீர் கடலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. திட்டுக்கு வெளியேயும் எடுங்கள். திட்டை வெட்டிவிடும் அன்றைக்கும், முதல் பெருமழைக்கு மறுநாளும் கூடுதலாக ஒரு மாதிரி. எண்களை ஒரு வாரத்துக்குள் இணையத்தில் போடுங்கள், ஊரூர் ஆல்காட் குப்பத்திலும் ஒட்டுங்கள். நீரின் நிறம் மாறினால் முதலில் பார்ப்பது அங்குள்ள மீனவர்கள்தான்.

இப்படிக்கு,
கடல் நுண்ணுயிரியலிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலும் வேலை செய்யும் சிலர்