உன் கட்டில் விஷயம்

அன்புள்ள மகனுக்கு,

நீ கட்டாரிலிருந்து அனுப்பிய வொய்ஸ் மெசேஜை இரண்டு தரம் கேட்டேன். "இன்னுமா அவனை வச்சிருக்கீங்க, என் கட்டில்ல அவனா படுக்கிறான்" என்று கேட்டிருந்தாய். ஆமாம், அவன்தான் படுக்கிறான். போனில் பேசினால் சண்டையாகிவிடும், அதனால் நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி டைப் பண்ணுகிறாள்.

2022 பங்குனி மாதம் உனக்கு மறந்திருக்காது, கேஸ் இல்லை, மா இல்லை, மண்ணெண்ணெய்க்கு அப்பா ஹட்டனில் நாள் முழுக்கக் கியூவில் நின்று வெறும் கேனோடு ராத்திரி ஸ்டேசனில் ஒதுங்கினார். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் வேறு. பையைத் தலைக்கு வைத்து அத்தனை பேர் படுத்திருக்கிற இடத்தில் ஒருத்தன் வீடில்லாமல் படுத்திருந்தால் யாருக்குத் தெரியும்? மலைக்குப் போகிற நல்லதண்ணி பஸ் வந்ததும் எல்லோரும் ஓட, இவன் மட்டும் எழும்பவில்லையாம். அப்படித்தான் அப்பா கண்ணில் பட்டான்.

அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. தகப்பன் செத்து, தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய், கொஞ்ச நாளில் போனும் நின்றுபோனது. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் போட ஆளில்லை என்றால் லயத்துக் காம்பரா வீடு தங்குமா? வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. யாரோ கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். கேஸ் இல்லாமல் கடையை மூடியதும் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்காமலே ரயில் ஏற்றிவிட்டார்கள், படுபாவிகள்.

நான் ஒன்றும் தெய்வம் இல்லை மகன், அப்பாவை நன்றாக ஏசினேன். இருக்கிற மூன்று ரொட்டியை நாலாக்கச் சொன்னால் எந்தப் பொம்பிளைக்குக் கோபம் வராது? இரண்டு நாள் என்றுதான் வைத்தேன்.

அவன் குடிக்கத் தண்ணீர் எடுக்கக்கூடக் கேட்பான். சாப்பிட்ட கையோடு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவான், சப்பாத்தைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவான். பீலித் தண்ணியில் குளித்து வந்ததும் ஈரச் சோப்பை ஒரு ஷொப்பிங் பேக்கில் சுற்றித் தன் பைக்குள்ளே போட்டுவிடுவான். எந்த நேரமும் போகச் சொல்லிவிடுவோம் என்ற எண்ணம். அஞ்சு மாதம் இப்படியே. ஒருநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போக அவசரமாக முகம் கழுவுகிறேன், நம்ம சோப்புப் பெட்டியில் அவனுடைய பாதிச் சோப்பு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்குக் கொழுந்து நிறுவையே எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

இன்னொரு நாள் மேட்ச் பார்க்கப் போய் இருட்டித்தான் வந்தான். அப்பா உனக்கு ஏசுகிற மாதிரியே வாசலில் வைத்து ஏசினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "என்னைத் தேடினீங்களா மாமா?" என்று கேட்டான். அப்பா பேச்சை நிறுத்திவிட்டு வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

சோறு போட்டது பெரிதில்லை, விலாசம்தான் பெரிதாக இருந்தது. அடையாள அட்டை இல்லாமல் ஒரு வேலைக்கோ கோர்ஸுக்கோ போக முடியுமா? பிறப்புச் சான்றிதழ் பிரதியை எடுத்து, போர்மில் நம் லயத்து விலாசத்தை எழுதி, தோட்டத்துத் துரையின் கையெழுத்துக்கு அப்பா ஆபீஸ் வாசலில் நாலு நாள் நின்றார். நாலு நாள் பேர் விழாமல் சம்பளம் போனது. அட்டை வந்தது, அப்புறம் வயரிங் கோர்ஸ். இப்போது ஹட்டனில் ஒரு வயரிங் பாஸோடு வேலைக்குப் போகிறான். தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுத்தான், நிறம் சரியில்லை, ஆனால் கட்டினேன்.

நீ ஏ.எல். படிக்க ஹட்டனில் பெரியம்மா வீட்டில் இரண்டு வருஷம் இருந்தாயே, அங்கே அண்ணன் தன் மேசையைப் பாதியாக்கி உனக்கு விட்டான். ஒருநாளும் அவன் முகம் சுளித்ததாக நீ சொன்னதில்லை.

சரி, கட்டில் விஷயம். சித்திரைக்கு நீ வருகிறாய் என்றதும், தான் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுத்துக்கொள்கிறேன் என்றான். அப்பா விடவில்லை, சபுக்கு மரப் பலகை வாங்கி இன்னொரு கட்டில் அடிக்கிறார். காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடிதான், அலுமாரியை எங்கே தள்ளுவது என்றுதான் இப்போது வீட்டில் சண்டை. வரும்போது அவனுக்குக் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்று வாங்கி வா, நல்லதாக.

அம்மா