சனாவின் ஆட்சியாளர்களுக்கு: லேவி மர்ஹபியை விடுங்கள்

யேமன் தலைநகர் சனாவை ஆளும் ஹூதி இயக்கமான அன்சார் அல்லாவின் தலைமைக்கும், அதன் ஆளுகையில் நீதி வழங்குவோருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

2016 மார்ச்சில் யேமன் யூதர்கள் சிலர் இஸ்ரேல் போய்ச் சேர்ந்தார்கள். கையோடு தங்கள் வேதமான தோராவின் சுருள் ஒன்றையும் கொண்டுபோனார்கள். தோலில் எழுதிய, பல நூற்றாண்டுப் பழமை கொண்ட சுருள். இஸ்ரேல் பிரதமர் அதோடு படம் எடுத்துக்கொண்டார். விளம்பரம் அவருக்கு, வினை ஊரிலேயே தங்கிவிட்ட யேமன் யூதர் லேவி சலேம் மர்ஹபிக்கு. சுருளைக் கடத்த உதவினார் என்று அவரைச் சிறையில் அடைத்தீர்கள்.

2019 செப்டம்பரில் அவரை விடுவிக்கச் சொல்லி உத்தரவானது. சொன்னது வாஷிங்டனோ ஜெனீவாவோ அல்ல, சனாவில் நீங்கள் நடத்தும் நீதிமன்றம். அதன் பிறகும் கதவு திறக்கவில்லை. உடல்நலம் கெட்டுவருகிறது என்று வெளியே செய்தி வந்தபோதும் திறக்கவில்லை. உங்கள் காஜியின் (நீதிபதியின்) தீர்ப்பை நீங்களே மதிக்கவில்லை என்றால் அந்த நீதிமன்றம் எதற்கு?

சுருள் யேமனின் தொன்மைச் சொத்து என்பது உங்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை; ஒரு நாட்டின் பழம்பொருள் நாட்டைவிட்டுப் போவது இழப்புதான். ஆனால் அதை எழுதியவர்களும், தலைமுறை தலைமுறையாக ஓதியவர்களும் யேமனியர்கள்தானே? 2007 ஜனவரியில் வடக்கு யேமனின் சஅதாவில் யூதக் குடும்பங்களுக்குக் கெடு விதித்து ஊரைவிட்டு விரட்டியவர்கள் உங்கள் ஆதரவாளர்கள். 2021 மார்ச்சில் 13 பேர் கெய்ரோவுக்குப் போகும்படி ஆனது. விருப்பமில்லாமல் வெளியேற்றப்பட்டோம் என்றார்கள் அவர்கள். தோல் சுருள் போனால் குற்றம், அதை ஓதத் தெரிந்தவர்கள் போனால் நிம்மதி என்பது என்ன கணக்கு?

1949, 1950 ஆண்டுகளில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் விமானம் ஏறிப் போன சமூகம் இது. வெள்ளி வேலையில் பெயர் பெற்ற தட்டார்கள் அவர்கள். சனாவில் இடுப்பில் கட்டும் ஜம்பியா என்ற வளைந்த குத்துவாள்களிலும் அவர்கள் கைவேலை இருந்தது. இன்று மிச்சமிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. அவர்களைக் கண்டா ஓர் அரசு அஞ்சுகிறது?

காஸாவைச் சொல்வீர்கள். அங்கே கொல்லப்பட்ட குழந்தைகளுக்காக எங்கள் பள்ளிவாசலிலும் துஆ கேட்டோம், அழுதோம். அந்தக் கணக்கை டெல் அவிவில் முடிவெடுப்பவர்களிடம் கேளுங்கள். குண்டு போட்டவர் மர்ஹபி அல்ல. காஸா எரிந்தபோது அவர் உங்கள் கைதி. யூதர், கிறிஸ்தவர் போன்ற வேதக்காரர்களுக்குப் பாதுகாப்பு அளிப்பது ஆட்சியாளர் மீதுள்ள அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்த பொறுப்பு என்று மதரஸாவில் சிறு பிள்ளைக்கே சொல்லித்தருகிறோம். உங்கள் முழக்கத்தின் ஒரு வரியோ 'யூதர்கள் மீது சாபம்' என்கிறது. எந்த யூதர் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. சனாவின் சுவர்களில் அதை எழுதிவைத்துவிட்டு, எங்களுக்கு மதப்பகை இல்லை என்றால் யார் நம்புவார்?

யேமன் ஏற்றுக்கொண்ட குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை, எவரும் தம் நாடு உட்பட எந்த நாட்டைவிட்டும் வெளியேறலாம் என்கிறது. சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையைத் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே மர்ஹபியை விடுவியுங்கள். சனாவிலேயே வாழ்வேன் என்றால் பாதுகாப்புக் கொடுங்கள். சனிக்கிழமை தொழுகையைத் தடுக்காதீர்கள். போகிறேன் என்றால் பயணச் சீட்டைக் கையில் கொடுத்து, எந்த நாடு என்று கேட்காமல் விமானம் ஏற்றுங்கள். கெய்ரோ போனவர்களில் யாரேனும் திரும்பி வர விரும்பினால் அவர்களுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.

தமிழகத்திலிருந்து ஒரு முஸ்லிம்