மைனஸ் ட்ராக்கை நிறுத்திவிட்டு வாசிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புல்லாங்குழலில் சினிமாப் பாட்டு வாசிப்பவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பாட்டை எடுத்து வாசிப்பதே மட்டம் என்கிற மாதிரி எழுதியிருந்தது, எனக்கு அது ஒப்பவில்லை. யாரோடு உட்கார்ந்து வாசிக்கிறோம் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஹெர்பி மானின் 'மெம்பிஸ் அண்டர்கிரவுண்ட்' என்று ஒரு ஜாஸ் புல்லாங்குழல் ஆல்பம், 1969-இல் வந்தது. மொத்தம் ஐந்தே உருப்படி, அதில் பெரும்பாலானவை பிறர் பாட்டுதான். மான் நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர், சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகைக்கு வெளியாள். ஆனால் சோல் பாட்டுகளை வாசிப்பதென்று முடிவானதும் அந்த இசைக்குப் பேர்போன அமெரிக்க நகரமான மெம்பிஸுக்கே போய், அங்கே ஸ்டுடியோவில் அதே மாதிரிப் பாட்டுகளுக்கு அன்றாடம் வாசித்துக்கொண்டிருந்த ஆட்களோடு உட்கார்ந்துவிட்டார். சோல் பாடகி அரேதா ஃபிராங்க்ளின் பாடிய 'செயின் ஆஃப் ஃபூல்ஸ்' இதில் இருக்கிறது. அரேதாவுக்கு அந்தப் பாட்டில் பாஸ் கிதார் வாசித்த டாமி காக்பில் இந்தக் குழுவிலும் உண்டு. மூலத்தில் மூன்று நிமிஷத்துக்குள் முடிகிற பாட்டு இங்கே பத்து நிமிஷத்தைத் தாண்டி ஓடுகிறது, சலிக்கவே இல்லை! டிரம்ஸும் பாஸும் ஒரே நடையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, குழல் ஒரு சின்னப் பிடியைச் சொல்லிவிட்டு ஒதுங்குகிறது, மறுபடி வரும்போது அதையே கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறது, நடுவில் ராய் ஏயர்ஸின் வைப்ரஃபோனும் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கிற வாத்தியம்) கிதார்களும் புகுந்து வேறெங்கோ கொண்டுபோகின்றன.

நம் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் என்ன நடக்கிறது? பையன் நன்றாகத்தான் வாசிக்கிறான், மூச்சு சுத்தம், கமகமும் பேசுகிறது. ஆனால் பின்னால் ஓடுவது லேப்டாப்பில் இருக்கிற மைனஸ் ட்ராக், அதாவது பாடகர் குரலை எடுத்துவிட்டு மற்ற வாத்தியங்களை மட்டும் வைத்த பதிவு. பல்லவியில் ஒரு நல்ல பிடி விழுந்து, அதை இன்னும் இரண்டு சுற்று வளர்க்கலாம் என்று அவன் நினைக்கும்போதே ட்ராக்கில் சரணம் வந்துவிடும். அவனும் பாதியில் விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடுகிறான். கேட்கிற எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது, அவனுக்கு எப்படி இருக்கும்.

இத்தனைக்கும் இது கும்பகோணம் சரப சாஸ்திரி குழலைக் கச்சேரி வாத்தியமாக நிலைநிறுத்திய மண். புல்லாங்குழல் மேதை மாலி பிறந்த திருவிடைமருதூர் பக்கத்திலேயே இருக்கிறது. தவில்காரர்களுக்கோ தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. கோயில் புறப்பாடு முடிந்து, கூட்டம் கேட்டால் அதே தவில்காரர்கள் சினிமாப் பாட்டுக்கும் என்னமாய் வாசிக்கிறார்கள்! அந்தப் பையனையும் ஒரு தவில்காரரையும் ஒரு பாஸ் கிதார்காரரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இளையராஜா பாட்டு ஒன்றைப் பத்து நிமிஷம் வாசிக்கச் சொல்லுங்கள், ட்ராக் கிடையாது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அப்புறம் மட்டமா இல்லையா என்று பேசலாம்.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்தியில் இன்னொரு இனிப்புக்கு ஆகிற செலவில் ஒரு தவில்காரரைச் சேர்த்துக்கொள்ளலாம், தாராளமாக.

உங்கள் இசைப் பக்கம் மார்கழிக் கச்சேரிகளோடு நின்றுவிடாமல், இப்படி வாசிக்க முயல்கிற டெல்டா இளைஞர்களைத் தேடிப்போய் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.