பெயின்டுக்கு முன் பிரேக்

ஆசிரியருக்கு,

அப்பா அம்மாவுக்காகப் பழைய பிக்கப்பைப் புதுப்பிப்பவர்கள் பலரும் பெயின்டில்தான் தொடங்குகிறார்கள். அந்தக் கால வண்டிகள் பலவற்றில் பிரேக் மிதியை அழுத்தினால் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, அதாவது நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரமும் பிடிக்காது. இரட்டைச் சுற்று சிலிண்டர் போட்டு, முன்னால் டிரம் பிரேக்குக்குப் பதில் டிஸ்க் பிரேக் பொருத்துங்கள். டிரம்முக்கான பழைய ரெசிடுவல் வால்வை (மிதியை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது) முன்பக்க லைனிலேயே விட்டுவிட்டால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், சூடேறிவிடும். ரப்பர் ஹோஸ் வெளியே பளிச்சென்று இருந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கலாம். யோசிக்காமல் மாற்றுங்கள்.

ஓட்டப்போவது வயதானவர் என்றால் பவர் ஸ்டீயரிங், ஏற ஒரு படி, மூன்று முனை சீட் பெல்ட். பெல்ட் போல்ட்டை வெறும் தகட்டில் முடுக்கினால் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும். அந்தத் தகட்டுக்குப் பின்னால் 3 மி.மீ. இரும்புத் தகடு கொடுங்கள், துருவை வெட்டி எடுத்த பிறகு.

இப்படிக்கு,
பழைய வண்டி மெக்கானிக் ஒருவர்