மல்லிகாவுக்கு, எள்ளைப் பற்றி

அன்புள்ள மல்லிகா,

ஆறு மாதமாக எழுதாததற்கு நீ திட்டுவதெல்லாம் நியாயம். அவர் நலம், சின்னவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கேள்விப்பட்ட மருமகள் சியா, ஆளி, பரங்கி விதை, சூரியகாந்தி என்று டப்பா டப்பாவாக வாங்கி அடுக்கினாள். மாவுக்கட்டோடு வேறென்ன வேலை? எதில் எவ்வளவு சத்து என்று உட்கார்ந்து பார்த்தேன். தோலோடு இருக்கும் எள் 100 கிராமில் கால்சியம் 975 மில்லிகிராம்! சியாவிலேயே 630தான். உடனே உன் ஞாபகம். "எள்ளுருண்டை இருக்க எனக்குப் பால் எதற்கு" என்று நான்கு வருஷமாகச் சொல்கிறாயே, நீதான் ஜெயித்தாய் என்று எழுத இருந்தேன்.

மேலே படித்ததும் கலங்கிவிட்டேன். கடையில் வெள்ளை வெளேரென்று விற்கும் தோல் நீக்கிய எள்ளில் அதே 100 கிராமுக்கு 60 மில்லிகிராம்தான். மற்றதெல்லாம் தோலோடு போய்விடுகிறது. தோலோடு தின்றாலும் அந்தக் கால்சியம் பெரும்பாலும் எள்ளிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளோடு ஒட்டிக்கிடக்கிறது, உடம்புக்கு முழுதாகச் சேராது. அதோடு 100 கிராம் எள்ளை ஒரு நாளில் யார் தின்பார்கள்? ஒரு மேசைக்கரண்டி 9 கிராம், அதில் 88 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில் 240 இருக்கிறது. நம் வயதுப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1,200 வேண்டும் மல்லிகா. உன் இரண்டு உருண்டை எந்த மூலைக்கு?

விதைகளைக் குறை சொல்லவில்லை. பரங்கி விதைப் பருப்பு ஒரு கைப்பிடியில் 8 கிராம் புரதம், ஒரு முட்டையை விட அதிகம், மெக்னீசியமும் ஏராளம். காய் நறுக்கும்போதெல்லாம் வழித்துக் குப்பையில் போட்டோமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. சூரியகாந்தி வைட்டமின் ஈ-க்கு. ஆளி விதையில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு கொட்டிக்கிடக்கிறது. ஆனால் பொடித்துத்தான் சாப்பிட வேண்டும், முழுசாக விழுங்கினால் அப்படியே வெளியே வந்துவிடும். ஒவ்வொன்றும் ஒன்றுக்கு நல்லது. எலும்பை மட்டும் இவற்றை நம்பி விட முடியாது.

உன் அம்மா இடுப்பு உடைந்து படுத்த வருஷத்தை நான் மறக்கவில்லை. அம்மாவுக்கு அப்படி ஆகியிருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகமாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தயிர் சாப்பிடு, ராகிக் கூழ் குடி. இந்த மாதமே எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்குப் போ. மழுப்பி "ஒன்றுமில்லைடீ" என்று எழுதாதே, ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணை எழுது. தையில் வருகிறேன். கருப்பு எள்ளில் உருண்டை பிடித்து வை.

உன்,
சரசு