1931 பென்னி பத்தி கேட்டியே

டேய் சேகர்,

உன் லெட்டர் வந்து நாளாச்சு, பதில் போட லேட்டாயிருச்சு, தப்பா நெனைக்காத. இங்க மெல்பர்ன்ல குளிர் கொல்லுது, முட்டி வலி வேற, வீட்டுக்காரி வெளிய விட மாட்டேங்குறா. அதனால ராத்திரி ஆனா டேபிள் லைட்டப் போட்டு காசு பாக்குறதுதான் பொழப்பு. உன் பொண்ணுக்கு வேலை கெடச்சது கேட்டு ரொம்ப சந்தோஷம்டா, அவகிட்ட சொல்லு.

சரி, விஷயத்துக்கு வரேன். 1931 ஆஸ்திரேலியா பென்னி, ஸ்லாப்புல (அதான் கிரேடிங் கம்பெனி தரம் பாத்து சீல் பண்ணிக் குடுக்குற பிளாஸ்டிக் டப்பா) போட்டது ஒண்ணு வாங்கப் போறேன், எம்எஸ் 63ன்னு லேபிள் இருக்கு, வாங்கலாமான்னு கேட்டிருந்த. அந்த 63 வந்து காசு எவ்ளோ நல்ல நெலமைல இருக்குங்கறதுக்கு மட்டும்தான் நம்பர், எந்த டைல, அதாவது காசு மேல படம் பதிக்கிற எந்த அச்சுல அடிச்சதுங்கறதுக்கு இல்ல. எந்த டைங்கறது லேபிள்ல இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஏன்னா நிறைய பேரு வெரைட்டி (டை வித்தியாசம்) பாத்து எழுதறதுக்குத் தனியா காசு கட்ட மாட்டாங்க, வெறும் கிரேடு மட்டும் போட்டு வாங்கிருவாங்க. அதனால லேபிள ஒரு ஓரமா வெச்சிட்டு காசப் பாரு.

முதல்ல ராஜா தலை இருக்குற பக்கம். பென்னில ஜார்ஜ் தலைக்கு ரெண்டு டை உண்டு, ஒண்ணு லண்டன், இன்னொண்ணு இந்தியன். இந்தியன்னா நம்ம கல்கத்தா மின்ட்தான்டா, காசு அடிக்கிற எடம்! முதல் உலகப் போர் நேரத்துல லண்டன்ல கை ஒழியல, அதனால 1916லருந்து 1918 வரைக்கும் ஆஸ்திரேலியாவுக்குப் பென்னியும் ஹாஃப் பென்னியும் கல்கத்தால அடிச்சாங்க, அதுல I (ஐ)ன்னு ஒரு குட்டி இங்கிலீஷ் எழுத்து இருக்கும். அந்த வழில வந்த டை அப்புறம் மெல்பர்ன்லயும் ஓடிச்சு. வித்தியாசம் கண்டுபிடிக்க, தலையச் சுத்தி இருக்குற எழுத்துல BRITT தாண்டின உடனே OMNனு மூணு எழுத்து வரும் பாரு, அந்த N எழுத்தோட கடைசி கால், காசு விளிம்பச் சுத்தி வரிசையா இருக்குற குட்டிப் புள்ளி மணில ஒண்ணுக்கு நேரா நிக்குதா, இல்ல ரெண்டு புள்ளி மணிக்கு நடுவுல நிக்குதான்னு லூப் (பூதக்கண்ணாடி) வெச்சு பாக்கணும். விளிம்பு மணி எண்ணிக்கையே ரெண்டு டைலயும் ஒண்ணு வித்தியாசம், ஆனா அத எண்ண உக்காந்தா விடிஞ்சிரும். ஈஸி வழி ஒண்ணு சொல்றேன், 1930 பென்னியோட பெரிய படம் எங்கயாவது எடுத்துக்கோ, அது கிட்டத்தட்ட எல்லாமே இந்தியன் முகம்தான் (அதாவது இந்தியன் டைல அடிச்ச தலைப் பக்கம்), உன்னோடத பக்கத்துல வெச்சு அந்த N எழுத்த மட்டும் ஒப்பிடு.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. 1930 பென்னி சும்மா ஆயிரத்து ஐநூறு மாதிரிதான் அடிச்சிருப்பாங்கன்னு சொல்றாங்க, அதனால வேற வருஷத்துக் காசுல நம்பரச் சொரண்டி 1930 ஆக்கி விக்கறவன் நெறய. லண்டன் முகத்தோட ஒரு 1930 மலிவா கெடச்சா அப்பவே கைய எடுத்துரு.

1931க்குத் திரும்பி வரேன். தேதில கடைசி 1 மத்த நம்பரோட நேரா நிக்கும், இல்லன்னா கொஞ்சம் கீழ எறங்கி நிக்கும். எறங்கின 1ம் இந்தியன் முகமும் சேந்து வந்தாதான் ஜனங்க தேடி ஓடுறாங்க, எறங்கின 1 மட்டும் இருந்தா பெரிசா ஒண்ணும் இல்ல. விக்கறவன் “டிராப்டு ஒன், ரேர்”னு போட்டு விலைய ஏத்தி வெச்சிருந்தா முன்பக்கம் போட்டோ கேளு, கேட்ட உடனே ஆள் காணாமப் போனா புரிஞ்சுக்கோ.

இதே மாதிரி பேர வெச்சு ஏமாத்துறது ஷில்லிங்லயும் உண்டு, 1925ல 3 மேல 5 அடிச்சது, ஓவர்டேட்னு (பழைய தேதி நம்பர் மேல புது நம்பர் அடிச்சது) தலைல தூக்கி வெச்சு விப்பாங்க, ஆனா கேட்டலாக்ல பாத்தா அந்த வருஷத்துது எல்லாமே அப்படித்தான், இதுல எங்க ரேர் இருக்கு? 1922 த்ரீபென்ஸ்ல 1 மேல 2 அடிச்சது உண்மையிலேயே அபூர்வம், ஆனா அதுல சாதாரண அழுக்கையும் டை உடைஞ்ச துண்டையும் 1ன்னு நெனச்சு தொண்டை கிழிய கத்துறவங்க அதிகம், அதனால கிரேடிங் கம்பெனி ஓவர்டேட்னு எழுதினதத் தவிர வேற எதுக்கும் நான் காசு குடுக்க மாட்டேன்.

அப்புறம் டபுளிங். எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு ஆளாளுக்கு போட்டோ போடுறாங்க, முக்காவாசி காசு அடிக்கும்போது டை ஆடினதால வந்தது, எழுத்துப் பக்கத்துல தட்டையா படிக்கட்டு மாதிரி இருக்கும், அதுக்கு மதிப்பே கெடையாது. நிஜமான டபுள் டையா (டைலயே எழுத்து ரெண்டாப் பதிஞ்சது) இருந்தா ரெண்டாவது எழுத்தும் உருண்டையா, எழும்பி நிக்கும். கோடு பாக்கும்போதும் அதான், மேல எழும்பி இருந்தா டைல வெடிப்பு, உள்ள பள்ளமா இருந்தா எவனோ கீறினது.

ஒண்ணு மட்டும் உன்கிட்ட ஆசையா சொல்லணும். 1916 ஹாஃப் பென்னில ஒரு மியூல் (ரெண்டு வேற வேற காசோட டை சேந்து அடிபட்டது) இருக்கு, பின்பக்கம் ஆஸ்திரேலியா, முன்பக்கம் நம்ம கால் அணாவோட ராஜா தலை. கல்கத்தால ரெண்டையும் ஒரே எடத்துல அடிச்சதால டை மாறிப் போயிருக்கு, கால் அணா 25.4 மில்லி, ஹாஃப் பென்னி 25.5, சைஸும் ஒட்டி வந்திருச்சு. 1965ல தான் ஒருத்தர் கண்ணுல பட்டிருக்கு, கையில எண்ணிரலாம் அவ்ளோதான் தெரிஞ்சிருக்கு. வழக்கமான ஹாஃப் பென்னில எழுத்து லத்தீன்ல இருக்கும், இதுல இங்கிலீஷ்ல கிங் எம்பரர்னு இருக்கும். உங்க தாத்தா டப்பால கெடந்த கால் அணாவப் பாத்து வளந்தவன் நீ, இங்க இருக்குறவனுக்குத் தெரியாத அந்த எழுத்து உனக்கு சட்டுன்னு தெரிஞ்சிரும்.

ஜனவரில வரலாம்னு இருக்கேன், டிக்கெட் விலை பாத்துட்டு சொல்றேன். லூப் ஒண்ணு வாங்கிட்டு வரேன், டென் எக்ஸ் (பத்து மடங்கு பெருசாக் காட்டுறது) போதும்டா, அதுக்கு மேல வாங்கினா தலதான் சுத்தும். அதுவரைக்கும் அந்தக் காசுக்கு அட்வான்ஸ் எதுவும் போடாத.

ரவி