பெயர் கேட்காமல் விட்ட சிஸ்டருக்கு

தாராவி 90 அடி சாலையிலிருந்து சந்துக்குள் நுழைந்து, செங்குத்தான இரும்பு ஏணி ஏறித்தான் எங்கள் மாடிக்கு வரவேண்டும். மழைக்காலத்திலும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதில் ஏறி வந்த மலையாள சிஸ்டருக்கு இந்தப் பதிவு. பெயரைக் கேட்கவே இல்லை.

“இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப்போங்க” என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை அனுப்பிவிட்டார்கள். செய்ய எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள்தான் காட்டினீர்கள். வலிக்கு மார்ஃபின் (morphine) மருந்து என்றதும் அம்மாவுக்குப் பழக்கமாகிவிடுமோ என்று பயந்தேன். (சாகப்போகிறவருக்குப் பழக்கமானால் என்ன என்று அப்போது தோன்றவில்லை.) வலி வரட்டும் என்று காத்திருக்காமல் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னீர்கள். கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து. மடித்த பழைய சேலையை அடியில் போட்டு, வலிக்காமல் அம்மாவைத் திருப்பப் பழக்கினீர்கள்.

கடைசியில் கஞ்சி இறங்கவில்லை. பட்டினி போட்டுக் கொல்கிறோமே என்று அக்கா அழுதாள். “சாப்பிடாததால அம்மா போகலை மோளே. போறதால உடம்பு சாப்பாடு வேண்டாங்குது” என்றீர்கள். ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தால் போதும் என்றீர்கள். தொண்டை கரகரத்த அந்த இரவு, போனிலேயே ஒருக்களித்துப் படுக்கவைக்கச் சொன்னீர்கள். சத்தம் அடங்கியது. காது கேட்கும், பேசுங்கள் என்றீர்கள். விடியும்வரை அக்கா ஊர்க்கதை பேசினாள்.

பதினாறாம் நாள் வந்து, அக்காவிடம் முதலில் கேட்டது: “தூங்கினியா?”

உங்கள் குடை இங்கேதான் இருக்கிறது, சிஸ்டர்.